கெட்டி ஆயில் ஊற்றுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாகனக் கேள்வி–பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். பழைய பெட்ரோல் கார், ஐடிலிங்கில் நிற்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து மெலிதாக ‘டிக் டிக்’ என்று சத்தம், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தமும் வேகமாகிறது, என்ன செய்யலாம்? பதில் நான்கே வரி. டேப்பட் சத்தம்தான் (வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே உள்ள சின்ன இடைவெளியில் எழும் தட்டல்), பயப்பட வேண்டாம், கொஞ்சம் கெட்டியான ஆயிலுக்கு மாறுங்கள், அடங்காவிட்டால் டேப்பட் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்.

வாழ்நாளில் பெரும்பகுதியை ஒர்க்‌ஷாப்பிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் வாசகர் கொடுத்த தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு பதிலை யாராலும் சொல்ல முடியாது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சத்தம் வேகமாகிறது என்றால், இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் ஏதோ ஒன்று சத்தம் போடுகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். பானெட்டுக்குள் அப்படி இயங்காதவை எத்தனை? வால்வு, பிஸ்டன், பெல்ட், பம்ப், இன்ஜெக்டர், பிளக், புகை போகும் வழி என்று பெரும்பாலானவை இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்குபவைதான்.

முதலில் சத்தத்தின் வேகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலர் தாண்டிப் போகிற இடம் இது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் கேம் 400. அதாவது ஒரு வால்வு தட்டினால் வினாடிக்கு ஏழு தட்டுக்கும் சற்றுக் குறைவு. கிராங்கோடு சுற்றும் புல்லியோ ஃபிளைவீலோ சத்தம் போட்டால் வினாடிக்கு பதின்மூன்றுக்கு மேல். காதால் எண்ண முடியாதுதான். ஆனால் ஒரே பாட்டுக்கு முதல் காலத்தில் தாளம் போடுவதற்கும் இரண்டாம் காலத்தில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. பழகிய காதுக்குச் சட்டென்று பிடிபடும். பழகாதவர்களுக்கு, பிளக்கில் பொறி அடிக்கும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள பழைய வண்டியில் ஒன்றாம் சிலிண்டர் பிளக் ஒயரில் அதை மாட்டினால், கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை மின்னும். ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரே ஒரு ‘டிக்’ கேட்டால், கேம் வேகத்தில் நடக்கும் ஏதோ ஒன்றுதான். மின்னலுக்கு இரண்டு ‘டிக்’ என்றால் கீழே கிராங்க் பக்கம் தேட வேண்டும்.

கேம் வேகம் என்றதும் உடனே “டேப்பட்தான்” என்று ஸ்பானரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிலிண்டரின் புகை வழியில் கசிவு இருந்தாலும் அதே வேகத்தில்தான் அடிக்கும், ஏனென்றால் அந்த சிலிண்டர் புகை தள்ளுவது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. பிளக் சரியாக இறுகாமல் காற்று வெளியேறினாலும் அப்படியே. கார்புரேட்டர் வண்டிகளில் கேமால் இயங்கும் பெட்ரோல் பம்ப் இருக்கும். அதன் நெம்பு தேய்ந்தால் போடும் சத்தத்தை டேப்பட் சத்தத்திலிருந்து பிரிப்பது கடினம். டேப்பட் கவரைக் கழற்றி எல்லாவற்றையும் அளந்து, மறுபடி மூடி, மறுபடி ஸ்டார்ட் செய்து, அதே சத்தத்தைக் கேட்டு முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, சத்தம் எப்போது வருகிறது என்பது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஓர் அம்மா தன் பழைய காரைக் கொண்டுவந்தார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் தெளிவாகச் சொல்வார். வேறொரு இடத்தில் டேப்பட் அட்ஜஸ்ட் செய்தார்களாம், சத்தம் போகவில்லை. திரும்பவும் செய்தார்களாம். பிறகு சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டையே இறக்கி வால்வு வேலையும் பார்த்துவிட்டார்களாம். சத்தம் அப்படியே இருந்தது.

“காலையில கிளப்பும்போதுதான் தம்பி அதிகமா இருக்கு. மேடு ஏறினா இன்னும் கேட்கும். பத்து நிமிஷம் ஓட்டிட்டா காணாமப் போயிடுது” என்றார்.

“இதை அங்கே சொன்னீங்களாம்மா?”

“சொன்னேன். யாரும் காதுல வாங்கல.”

அவர் சொன்ன மூன்று வாக்கியத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. குளிரில் அதிகம், சுமை ஏறினால் அதிகம், சூடானால் மறைகிறது. ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் கசிந்தால் அப்படித்தான் நடக்கும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சூடாகி விரியும்போது இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். ஆறினால் மறுபடி திறக்கும். வண்டியை இரவு எங்களிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டு ஓரமாக நகர்த்திக்கொண்டே போனேன். முதல் மூன்று சிலிண்டர் வரை ஒன்றுமில்லை. கடைசி சிலிண்டர் அருகே போனதும் காதுக்குள் யாரோ விரலால் சுண்டுவதுபோல் அடித்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுச் சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால், கேஸ்கெட் ஓரத்தில் விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருக்கிறது. பக்கத்தில் மேனிஃபோல்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஸ்டட்டின் வெளிமுனையைக் காணோம். முறிந்து, பாதி ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

முறிந்த ஸ்டட்டை எடுப்பதுதான் அன்றைய முழு வேலை. கேஸ்கெட் மாற்றுவது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். புகைக் கசிவு என்பது வெறும் சத்தக் கோளாறு இல்லை. அதில் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. காற்று உள்ளே வரும் துவாரங்கள் வழியாக அது வண்டிக்குள் நுழையலாம். இந்தச் சத்தத்தை ‘பயப்பட வேண்டாம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

குளிரில் மட்டும் வரும் சத்தம் எல்லாம் மேனிஃபோல்டு என்றும் இல்லை. ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரி செய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட் உள்ள வண்டியில், இரவு முழுக்க நின்றபின் டேப்பட்டுக்குள் இருக்கும் ஆயில் வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்ததும் சில வினாடி தட்டிவிட்டு அடங்கினால் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. நீண்ட நேரம் தட்டினால் முதலில் ஆயில் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஆயில் திரும்ப வடியாமல் தடுக்க அதற்குள் ஒரு ரப்பர் வால்வு உண்டு. மட்டமான ஃபில்டரில் அது வேலை செய்யாது. பிஸ்டன் தேய்ந்த இன்ஜினும் குளிரில் தட்டும், பிஸ்டன் சூடாகி விரிந்ததும் நிற்கும். ஆனால் அந்தச் சத்தம் ‘டிக்’ இல்லை, கொஞ்சம் உள்ளடங்கின ‘டொக்’.

இனி ஆயில் விஷயம். உங்கள் பதிலில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். கெட்டியான ஆயிலுக்கு மாறச் சொல்வதற்கு முன், இருக்கிற ஆயில் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் வித்தியாசம். கீழ்க்கோட்டுக்கும் கீழே போயிருந்தால் சத்தத்தைப் பற்றிப் பேசுவதே பிறகுதான். நிறைய ஊற்றினால் நல்லது என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். கிராங்க் அந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரை ஹைட்ராலிக் டேப்பட்டுக்குள் போனால் அதுவும் தட்டும். சத்தம் நிற்க ஊற்றிய ஆயிலே சத்தத்துக்குக் காரணமாவது இப்படித்தான்.

“ஆயில் லைட் எரியவில்லையே” என்பார்கள். பல வண்டிகளில் அந்த விளக்கு எரிய வேண்டுமென்றால் அழுத்தம் அரை பாருக்கும் கீழே விழ வேண்டும். அதற்குள் பேரிங்குகள் பாதி வழி போயிருக்கும். சந்தேகம் இருந்தால் ஆயில் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மீட்டரைப் பொருத்தி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளப்பதுதான் வழி. பழைய மெக்கானிக்குகளிடம் ஒரு கணக்கு உண்டு, 1000 சுற்றுக்குப் பத்து பவுண்டு அழுத்தம். எல்லா இன்ஜினுக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வண்டியின் கையேடு சொல்வதே கடைசி வார்த்தை.

கெட்டி ஆயில் சத்தத்தைக் குறைக்கும், மறுக்கவில்லை. தேய்ந்த இடைவெளியில் மெத்தை மாதிரி நிற்கும். ஆனால் காலையில் குளிர்ந்த இன்ஜினில் அதே கெட்டி ஆயில் மேலே கேம் வரை போய்ச் சேரத் தாமதமாகும், அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம். 5டபிள்யூ-30 என்ற மெல்லிய ஆயில் போடச் சொன்ன இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டு “இப்ப அமைதியா இருக்கு” என்று சந்தோஷப்படுவதை நான் வைத்தியமாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டியை விற்கப் போகிறவர்கள் இந்த வேலையைச் செய்வது வாங்குபவர்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது.

இடத்தைக் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். அதன் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால், உள்ளே நடப்பதெல்லாம் கேட்கும். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் சுகம். டேப்பட் கவர், டைமிங் கவர், பெட்ரோல் பம்ப், வாட்டர் பம்ப், டைனமோ என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அதன் பக்கத்தில்தான் ஆள் இருக்கிறது. தொளதொளச் சட்டை, தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இப்படிக் கேட்டால் எல்லா இன்ஜெக்டரும் ‘டிக் டிக்’ என்றுதான் சொல்லும். அது நோய் இல்லை, நாடித்துடிப்பு. நான்கில் ஒன்று மட்டும் மற்ற மூன்றைவிட மாறிக் கேட்டால் அப்போது கவனிக்கலாம். பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்குள் அனுப்பும் சின்ன சோலனாய்டு வால்வும் அப்படித்தான், திறந்து மூடும்போது தெளிவாகத் தட்டும். அதை விரலால் தொட்டாலே துடிப்பு தெரியும். பெல்ட் பக்கம் சந்தேகம் என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டிப் பார்க்கலாம். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. கேமைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டைச் சொல்லவில்லை, அதைத் தொடாதீர்கள்.

சரி, எல்லாம் பார்த்துக் கடைசியில் டேப்பட்தான் என்று முடிவானால்? அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கக் கூடாது. இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம், ஒரு சம்பவத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். வேலை பழகிய ஒரு பையன், வால்வை அமுக்கும் நெம்புகோலான ராக்கர் ஆர்ம் உள்ள ஒரு பழைய இன்ஜினில், எட்டு வால்வையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தான். கவரை மூடி ஸ்டார்ட் செய்தால் மூன்றாம் சிலிண்டரில் அதே ‘டிக்’.

“அண்ணே, கேஜ் கரெக்டா பிடிக்குது. ஆனாலும் தட்டுது.”

ராக்கரைக் கழற்றி அதன் மூக்கை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். வால்வுத் தண்டு வருஷக்கணக்கில் தட்டித் தட்டி அந்த மூக்கில் சின்னக் குழி விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் விளிம்பு தட்டுப்படும். ஃபீலர் கேஜ் தட்டையான தகடு. குழியின் இரண்டு விளிம்பிலும் பாலம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். கேஜ் 0.20 மில்லிமீட்டர் காட்டும், குழியின் ஆழமும் சேர்ந்தால் உண்மையான இடைவெளி அதைவிடப் பெரிது. கேஜ் பொய் சொல்லவில்லை, அதற்குக் குழி தெரியாது. ராக்கரை மாற்றினோம், சத்தம் போயிற்று. எந்த வால்வு என்று தெரியாதபோது, கவரைக் கழற்றி இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுக்கும் இடையே கேஜ் தகட்டைச் செருகிப் பார்ப்பது பழைய வழக்கம். எதில் செருகும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். ஆயில் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் குழியைப் பார்க்காமல், சத்தம் நிற்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? குழியின் அளவை இறுக்கி ஈடு கட்டப் பார்க்கும்போது எவ்வளவு போதும் என்று காதால் சொல்ல முடியாது. ஒரு சொட்டு அதிகமானால் வால்வு முழுதாக மூடாது. புகை வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைக் கொடுப்பது மூடி சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான். உட்காராவிட்டால் ஓரம் கருகி, கம்ப்ரெஷன் போய், ஹெட்டை இறக்கும் நாள் வரும். அதுவரை இன்ஜின் பூனை மாதிரி அமைதியாக இருக்கும் என்பதுதான் வேடிக்கை. கேஸில் ஓடும் பழைய வண்டிகளில் வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு வரும். திடீரென்று டேப்பட் சத்தமே இல்லாமல் போனால் நான் அங்கே சந்தோஷப்பட மாட்டேன், கேஜைத் தேடுவேன். மெலிதாகத் தட்டும் டேப்பட் சில நேரம் ஆரோக்கியமான டேப்பட்.

ஒரு சத்தம் கேட்டால் மட்டும் கொஞ்சமும் காத்திருக்கக் கூடாது. கனமான, ஆழத்திலிருந்து வரும் ‘டக் டக்’. இன்ஜின் சூடான பிறகு அதிகமாகும், சுமை ஏறும்போதும் ஆக்ஸிலேட்டரை விடும் நொடியிலும் தெளிவாகக் கேட்கும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் அது. ஒவ்வொரு சிலிண்டராகச் செயலிழக்கச் செய்து பார்த்தால், கோளாறுள்ள சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறையும். டேப்பட்டாக இருந்தால் பெரும்பாலும் குறையாது. நிறுத்துவதற்கு இன்ஜெக்டர் வண்டியில் இன்ஜெக்டர் பிளக்கைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்காதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பொசுக்கிவிடும், ஒயர் உங்களுக்கும் ஷாக் கொடுக்கும். ராடு சத்தம் என்று உறுதியானால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். ராடு பேரிங்கை மட்டும் மாற்றி முடிக்க வேண்டிய வேலை, ராடு பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் இன்ஜின் மாற்றும் வேலையாகிவிடும்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, இதுபோன்ற கேள்வி அடுத்து வந்தால் பதில் போடுவதற்கு முன் வாசகரிடம் திருப்பிக் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். இடம் குறைவு என்பது தெரியும். பதிலுக்குப் பதில் அந்தக் கேள்விகளையே அச்சிட்டாலும் பத்துப் பேருக்கு உபயோகமாகும். அப்புறம், சென்ற வாரம் எழுதிய அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். நாளை காலையில் வண்டியைக் கிளப்புவதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் குளிரிலா சூட்டிலா, மேடு ஏறும்போது கூடுகிறதா குறைகிறதா, கார்புரேட்டரா இன்ஜெக்டரா, கடைசியாக எந்த ஆயில் போட்டார் என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பதில் எழுதித் தர நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஒருவர்